பார்மட் போடும் முன் ஒரு நிமிடம்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பென்டிரைவ். "சார், அப்பா போட்டோ எல்லாம் இதுலதான் இருக்கு. கீழே டவுன்ல ஒரு கடையில பிரிண்ட் போடக் கொடுத்தேன். இப்பத் திறந்தா ஒண்ணும் இல்ல, ஷார்ட்கட் மட்டும் காட்டுது. பார்மட் போட்டாத்தான் சரியாகும்னு சொல்றாங்க" என்றாள். அவள் அப்பா காலமாகி எட்டு மாதம் ஆகிறது.

"அவசரப்படாதம்மா, கொஞ்சம் உட்காரு" என்றேன்.

என்னிடம் இருப்பது தம்பி மகள் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி. 2011இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வின்டோஸுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் அதில் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "இது எதுக்கு சார்?" என்று கேட்டு அழித்தவர்களும் உண்டு. நான் லினக்ஸை விடாமல் வைத்திருக்கிறேன்.

அதில் பென்டிரைவைச் செருகியதும் பெயரே இல்லாத ஒரு கோப்புறை தெரிந்தது. திறந்தால் அத்தனை படங்களும் பத்திரமாக இருந்தன! வைரஸ் அவற்றை அழிக்கவில்லை, ஒளித்துத்தான் வைத்திருந்தது. வின்டோஸ் 'மறைக்கப்பட்டவை' என்று காட்டாமல் விடும் கோப்புகளை லினக்ஸ் காட்டிவிடும். வின்டோஸுக்காக எழுதிய அந்த ஷார்ட்கட் வைரஸ் இங்கே வேலை செய்யாது. படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்த பிறகுதான் பார்மட் போட்டேன்.

என் கருத்து இதுதான்: பார்மட் என்பது முதல் வைத்தியம் அல்ல, கடைசி வைத்தியம். இன்று எதற்கெடுத்தாலும் "பார்மட் போட்டுடுங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. சொல்பவருக்கு அது இரண்டு நிமிட வேலை. இழப்பு நமக்குத்தான்.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. ஓய்வுபெற்ற நாளில் பிள்ளைகள் பேசிய பதிவுகள் இருந்த பென்டிரைவை, வேறொன்று என நினைத்து நானே பார்மட் போட்டேன். அதோடு விட்டேனா? மேலே ஒரு சினிமாவையும் ஏற்றினேன். சாதாரண பார்மட்டில் பொருளடக்கப் பக்கம்தான் கிழியும், பாடங்கள் உள்ளேயே இருக்கும். புதிதாக எதையும் எழுதாமல் விட்டிருந்தால் 'போட்டோரெக்' போன்ற இலவச மென்பொருளால் ஓரளவு மீட்டிருக்கலாம். சினிமா ஏற்றியதில் அந்த வழியும் அடைந்தது.

லினக்ஸில் பார்மட் போட வேண்டி வந்தால் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று, எந்த வட்டு என்று பாருங்கள். 'டிஸ்க்ஸ்' செயலியில் கணினியின் வட்டும் பென்டிரைவும் அடுத்தடுத்து நிற்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள். 16 ஜிபி பென்டிரைவ் 500 ஜிபி என்று காட்டாது. கட்டளை எழுதிப் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல கட்டளைகள் "நிச்சயமா?" என்று கேட்காமலே வேலையை முடித்துவிடும். அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு, வகை. கடை, டிவி, வின்டோஸ் எல்லாவற்றிலும் ஓட ஃபேட்32 போதும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது, அதற்கு எக்ஸ்ஃபேட். லினக்ஸுக்கே உரிய இஎக்ஸ்டி4 போட்டால் வின்டோஸ் அதைத் தானாகப் படிக்காது.

மூன்று, முடிந்ததும் 'வெளியேற்று' கொடுத்த பிறகே உருவுங்கள். அடிக்கடி கரன்ட் போகும் நம் மலையில் இது மிக அவசியம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பிரிண்ட் கடைக்குப் படங்கள் இருக்கும் பென்டிரைவைக் கொடுக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஒரு சின்ன பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது அந்தப் பெண், "சார், அப்பா காப்பித் தோட்டத்துல நிக்கிற படம் வந்திருச்சு" என்று இரண்டு முறை சொன்னாள். அன்றே பார்மட் போட்டிருந்தால் அந்தப் படம் போயிருக்கும்.

அன்புடன்,
உங்கள் சார்