பார்த்தவர் சொல்

"படம் எப்படி?" என்று கேட்போருக்கு நம்மவர் அளிக்கும் விடைகள் பெரும்பாலும் இரண்டே. ஒன்று, "அருமை", மற்றையது, "குப்பை." இவ்விரண்டுக்கும் இடையிலே தமிழில் வேறு சொல்லே இல்லையோ என்று ஐயுறும்படி, ஆசிரியர் அறையிலும், பேருந்திலும், கலியாண வீட்டுப் பந்தியிலும் இவையே ஒலிக்கின்றன. இக்காலத்திலோ, முதற்காட்சி முடிந்து படமாளிகையின் கதவு திறக்குமுன்பே, ஐந்து நட்சத்திரங்களுள் இத்தனை என்னும் தீர்ப்புக் கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. அதன்பின் செல்வோர் படத்தைப் பார்க்கிறார்களா, தீர்ப்பைச் சரிபார்க்கிறார்களா என்பது எமக்கு விளங்கவில்லை.

பிறரைக் குறைகூறும் பொருட்டு இதனைத் தொடங்கினோமல்லோம். இக்குற்றம் எம்மிடமும் இருந்தது. அதனை எமக்கு உணர்த்தியவர் இருவர். ஒருவன் எம் மாணவன். மற்றவர் எம்மைப் பெற்ற தாயார்.

சென்ற தவணையில், உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பாலு மகேந்திராவின் 'வீடு' என்னும் படத்தைக் காட்டி, ஒவ்வொருவரும் தத்தம் கருத்தை ஒரு பக்கத்தில் எழுதிவரும்படி பணித்தோம். அப்படத்தைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. பாலு மகேந்திரா மட்டக்களப்பை அடுத்த அமிர்தகழியிலே பிறந்தவர். பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்றவர். 2014ஆம் ஆண்டு சென்னையிற் காலமானவர். 1988இல் வெளிவந்த 'வீடு' படத்திலே பாட்டும் இல்லை, சண்டையும் இல்லை. சென்னையில் தங்கையோடும் முதிய பாட்டனாரோடும் வாடகை வீட்டில் வாழும் சுதா என்னும் உத்தியோகப் பெண், வீட்டை விட்டு எழும்பவேண்டிய நிலை வந்தமையால், சொந்தமாக ஒரு சிறு வீடு கட்ட முனைகிறாள். கடன், அனுமதி, சீமெந்து, ஒப்பந்தகாரரின் களவு ஆகிய இவற்றோடு அவள் படும் பாடே கதை. பாட்டனார் ஒருநாள் தனியே சென்று, முற்றுப்பெறாத வீட்டைக் கண்டு மகிழ்கிறார். அம்மகிழ்ச்சி ஆறுமுன்பே இறக்கிறார். ஈற்றில், அந்நிலம் குடிநீர் வாரியத்துக்கு உரியதென்று தெரியவர, வீடு பாதியிலே நின்றுவிடுகிறது.

மாணவர் 32 பேரும் எழுதித் தந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் எழுதியது ஏறத்தாழ ஒன்றே. 1987ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதுகளில் இது சிறந்த தமிழ்ப்படமெனத் தெரிவாயிற்று, சுதாவாக நடித்த அர்ச்சனா சிறந்த நடிகைக்கான விருது பெற்றார், இசை இளையராஜா, எனவே இது மிகச் சிறந்த படம். கூறிய யாவும் மெய்யே. ஆயினும், படத்தைப் பாராமலே இவை அனைத்தையும் எழுதிவிடலாம்.

ஒருவன் மட்டும் நான்கு வரிகள் எழுதியிருந்தான். தனக்குப் படம் அலுப்பாக இருந்தது என்றும், சீமெந்துக் கணக்குப் பேசும் இடத்தில் தான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், ஏனையோர் கண்கலங்கிய இடத்தில் தனக்கு ஒன்றும் வரவில்லை என்றும் அவன் எழுதியிருந்தான். நாம் சிவப்பு மையினால், "இரசனை போதாது" என்று குறித்து, 10க்கு 4 புள்ளி இட்டோம். ஏனையோர் யாவர்க்கும் 7க்குக் குறையவில்லை.

அதன்பின் வந்த பூரணை விடுமுறையன்று, அதே படத்தை வீட்டிலும் போட்டோம். நல்ல படம் ஒன்றை வீட்டாருக்கு அறிமுகஞ் செய்கிறோம் என்னும் பெருமிதம் எமக்கு. எம் தாயாரும் வந்து அமர்ந்தார்.

தாயாரைப் பற்றி இங்கே ஒரு செய்தி கூறவேண்டும். 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், வலிகாமம் வடக்கிலிருந்த எமது வீட்டைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்பட்டவர் அவர். ஒரு கிழமையில் திரும்பலாம் என்றே எண்ணியிருந்தார். நாம் அப்போது சிறுவர். பல்லாண்டுகள் கழிந்து அந்நிலம் விடுவிக்கப்பட்டபோது, அங்கே கிணற்றுக் கட்டு மட்டுமே எஞ்சியிருந்தது. நாம் சென்று பார்த்து வந்தோம், தாயார் வரவில்லை.

திரையிலே பாட்டனார் அந்த அரைகுறை வீட்டினுள் நடந்து பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தார். தாயார் மெல்ல எழுந்து விறாந்தைக்குப் போய்விட்டார். நாம் பின்சென்று, "ஏனம்மா, படம் பிடிக்கேல்லையோ?" என்று கேட்டோம்.

"நல்ல படம்தான் தம்பி. எனக்கு மிச்சம் வேண்டாம். அந்த மனிசன் வீட்டைக் கண்டிட்டார்தானே. அதோட நிக்கட்டும்."

நாம் வாயடைத்து நின்றோம். அப்படத்தை எட்டுத் தடவைக்குக் குறையாமற் பார்த்தவர் நாம். யதார்த்தப் படைப்பு என்றும், புதிய அலை என்றும் அதனைப்பற்றி மேடைகளிற் பேசியவர் நாம். ஆயினும், வலிகாமம் வடக்கிலிருந்த எமது வீட்டை அப்படத்தோடு ஒருநாளேனும் சேர்த்து எண்ணினோமா? இல்லை. பெரும்பாலான மாணவர் விருதுப் பட்டியலைப் பார்த்து எழுதினர். நாமோ நூல்களைப் பார்த்துப் பேசினோம். வேறுபாடு அவ்வளவே. தம் சிறுபிராயத்தில் தாயார் வீடு கட்டியபோது பட்ட பாடே 'வீடு' படத்துக்கு வித்து எனப் பாலு மகேந்திராவே கூறியிருக்கிறார். அதனையும் நாம் ஒரு குறிப்பாகவே படித்து வைத்திருந்தோம்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டென்று வகுத்து, அழுகை பிறக்கும் இடங்கள் நான்கனுள் இழவையும் ஒன்றாக வைத்தார். அவ்வியலுக்கு உரை வகுத்த பேராசிரியர், சுவைக்கப்படும் பொருளையும், அதனை நுகரும் பொறியுணர்வையும் வேறுவேறாக எண்ணுவார். இதனை எத்தனையோ ஆண்டுகள் வகுப்பிலே கற்பித்திருக்கிறோம். வேம்பு ஒன்றே, அதனை நாவில் இடுவோர் பலர். படத்துக்கும் இது பொருந்தும் என்பதை, விறாந்தையில் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் கற்பிக்கவேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அம்மாணவனை அழைத்து, சீமெந்துக் கணக்கு ஏன் அலுத்தது என்று வினவினோம். தண்டிக்கவே அழைத்தோம் என்று எண்ணினான் போலும், சிறிது தயங்கினான். பின்னர்க் கூறினான்: "சேர், எங்கட அப்பா மேசன். சீமெந்து காணாது, ஆள் வரேல்லை, காசு தரேல்லை எண்டு ஒவ்வொரு இரவும் வீட்டில இதுதான் கதை. படத்திலயும் அதுவோ எண்டு இருந்துது."

எமக்குப் புதுமையாகத் தோன்றியது அவனுக்கு அன்றாடம். அப்படம் மெய்யைக் காட்டுகிறது என்பதற்கு அவனுடைய அலுப்பைவிட வேறு சான்று எதற்கு? அவன் காரணத்தை எழுதாதது ஒரு பிழை. நாம் கேளாமலே தீர்ப்பிட்டது பெரும்பிழை. சிவப்பு வரியை வெட்டிவிட்டு, 8 புள்ளி இட்டோம்.

"அப்ப, சேர், இது நல்ல படமோ?" என்றான் அவன்.

"நீ யன்னலுக்கு வெளியே பார்த்த நேரத்தில், மங்கம்மா என்னும் கூலிப்பெண் ஒப்பந்தகாரரின் சீமெந்துக் களவை வெளிப்படுத்துகிறாள். இன்னொருமுறை பார். பார்த்துவிட்டு நீயே சொல்" என்றோம். கருத்து நேர்மையாக இருத்தல் வேண்டும். ஆனால் நேர்மை மட்டும் போதாது. கண்ணைத் திருப்பிக்கொண்ட இடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல எவர்க்கும் உரிமை இல்லை.

பார்ப்போர் பலர் ஒருமித்துக் கூறுவதும் முடிந்த முடிபன்று. 1954இல், வீணை வித்துவான் எஸ். பாலச்சந்தர் இயக்கத்தில் ஏவி.எம். நிறுவனம் 'அந்த நாள்' படத்தை வெளியிட்டது. கொலை ஒன்றைப்பற்றிப் பலரும் தத்தம் நோக்கில் வெவ்வேறாகக் கூறும் கதை அது. பாடல் ஒன்றேனும் இல்லாத அப்படம், பாட்டுக்குப் பழகியிருந்த அக்காலத்து மக்களிடம் எடுபடவில்லை. இன்று தமிழ்த் திரைப்பட வரலாறு எழுதுவோர் எவரும் அதனை விட்டு எழுதுவதில்லை. அன்று அதனை வெறுத்தவர் மூடரல்லர். தமக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று மெய்யே கூறினர். படத்துக்கு வேண்டிய பார்வையாளர் பின்னர் வந்தனர்.

ஆதலால், பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் படமோ தொலைக்காட்சி நாடகமோ பார்த்து முடித்ததும், "நல்லதோ, கூடாதோ?" என்று கேளாதீர்கள். "எந்த இடம் உன்னைப் பிடித்து நிறுத்தியது? எந்த இடத்தில் எழும்பிப் போகலாம் என்று இருந்தது?" என்று கேளுங்கள். விடை ஒரு சொல்லில் வராது; வரவும் கூடாது. மாணவர்க்கு ஒன்று கூறுவோம். உங்கள் கருத்து ஆசிரியரின் கருத்தோடு மாறுபட்டால் அஞ்சாது எழுதுங்கள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். காரணம் உங்கள் வீட்டினுள்ளே இருப்பினும் அது காரணமே.

அம்மாணவன் படத்தை மறுமுறை பார்த்துக்கொண்டிருப்பதாகக் கூறினான். இம்முறை தகப்பனாரையும் அருகில் இருத்தியிருக்கிறானாம். கட்டடவேலையில் இரண்டு பிழைகளை அவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சிரித்தான்.

எம் தாயார்க்கு அப்படத்தின் முடிவு இன்னும் தெரியாது. அவர் கேட்கவில்லை, நாமும் கூறவில்லை.