திறனுக்குப் பெயர் ஒன்றா, ஒன்பதா?

பேசின் பாலத்தை அடுத்த பணிமனையில் தொடர்வண்டிப் பெட்டிகளைக் கழுவிச் செப்பனிடும் தொழிலாளர்தம் வாயில் வழங்கும் சொற்களுட் பெரும்பாலன ஆங்கிலம். தமிழ்நெஞ்சர்க்கு இது கசக்கும். ஆயினும் அச்சொற்களிடத்து ஒரு கட்டொழுங்கு உண்டென்பதை மறுத்தலாகாது. ‘பிரேக்கு’ என்பதற்குக் காலை முறைக்கு வருவோன் ஒரு பெயரும் இரவு முறைக்கு வருவோன் வேறொரு பெயரும் இடுவதில்லை. இட்டால் நிறுத்தவியலாத வண்டியொன்று நடுவண் நிலையத்தினின்று புறப்பட்டுவிடும். ஆங்கிலச் சொல் அங்கே வேரூன்றியது தன் அழகால் அன்று. ஒருபொருளைப் பற்றிக்கொண்டு அகலாது நின்ற நிலைப்பால் என்க.

அந்நிலைப்பே இன்று சிறுவர் விளையாட்டிலும் தமிழை வென்று நிற்கின்றது. புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருக்களில் மாலைப்போதில் கைப்பேசித் திரையிற் கண்பதித்திருக்கும் சிறாரைக் காண்க. ‘வீடியோ கேம்’ என ஊர் வழங்கும் திரையாட்டங்களுள் ஒருவகை, ஆடுவோன் தானே ஒரு கதைமாந்தனாகி, வாள்வீச்சு, வில்லாண்மை, மருத்துவம், மறைந்து செல்லல் முதலாய திறன்களைப் படிப்படியாக ஈட்டி வளர்வது. அத்திறன்களின் பெயர்களே அவ்வாட்டத்தின் உயிர்நாடி. ‘ஸ்கில்’, ‘பவர்’, ‘லெவல்’ என்னும் மூன்றையும் சிறுவன் மயக்கமின்றி ஆள்கின்றான். ‘ஸ்கில்’ என்பதைத் தமிழிற் கூறுக என்றால் விழிக்கின்றான். ஏன் விழியான்? திறன், திறம், திறமை, ஆற்றல், வல்லமை, வன்மை, கைவன்மை, தேர்ச்சி, விரகு என ஒன்பது சொல்லை அவன்முன் கொட்டி, எது எதற்கென்று சொல்லாது விட்டவர் யார்? பழி சிறுவன்மேல் அன்று.

இத்தகைய ஆட்டத்தைத் தமிழாக்கப் புகுவோர் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றே. ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருதல் நடைக்கு இழுக்கென்று எண்ணி, முதற்றிரையில் ‘மறைதல்’ என்றதை மூன்றாம் திரையில் ‘ஒளிதல்’ என்றும் பத்தாம் திரையில் ‘கரத்தல்’ என்றும் மாற்றுவர். செய்யுளாயின் அது நயமாகலாம். ஈண்டு அது கேடு. ‘ஒளிதலை இருபடி உயர்த்தும் போர்வை’ என்று ஒரு பொருள் கிடைத்தால், தன் பட்டியலில் ‘மறைதல்’ மட்டுமே உடைய சிறுவன் அதைத் தனக்கு உதவாததென்று எறிந்துவிடுவான். ஆட்டம் தோற்கும். அடுத்த நாளே ஆங்கிலத்திற்கு மாற்றிக்கொள்வான், மீளான்.

பிறநாட்டார் பட்டறிவும் இதுவே. இவ்வாட்டங்களுக்கெல்லாம் மூதாதையாகிய ‘டஞ்சன்சு அண்டு டிராகன்சு’ தாளும் பகடையுங் கொண்டு ஆடப்படுவதாய் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது மாந்தர்க்கு வகுத்த அடிப்படைக் கூறுகள் ஆறு. அவ்வாறின் பெயர்களும் அரைநூற்றாண்டாய் மாறாது நிற்கின்றன. அவற்றுள் நுண்ணறிவு ஒன்று, மெய்யறிவு மற்றொன்று. இரண்டிற்கும் ‘அறிவு’ என்றே எழுதும் தமிழாக்கக்காரன் ஆறனை ஐந்தாக்கிவிடுவான்!

மாறாகச் சப்பானியரின் ‘பைனல் பேன்டசி’ பட்ட பாடு காண்க. 1987-இல் தோன்றிய அவ்வாட்டத்தில் தீ, மின்னல் முதலிய தாக்குதல்களுக்குச் சப்பானிய மொழியில் மூன்று படிநிலை. அடிச்சொல்லோடு ஈறு மாறி வரும் ஒழுங்கான பெயர்கள். ஆங்கிலத்தில் முதலாட்டம் 1990-இல் வந்தபோது, பெயருக்கு நான்கெழுத்தே இடமிருந்தமையின், மின்னலுக்கு ‘லிட்’ என்ற குறைச்சொல் இட்டு, மேற்படிகளுக்கு எண்களை ஒட்டினர். 1994-இல் வந்த ஆட்டத்தில் அது ‘போல்ட்டு’ ஆயிற்று. 1999-இல் ‘தண்டர்’ ஆகிச் சப்பானிய ஈறுகளையும் ஏற்றது. ஒரே தாக்குதல், மூன்று பெயர்! ஆட்டத்தின் வரிசையெண்ணே தப்பி, நான்காவது ஆட்டம் அமெரிக்காவில் இரண்டாவதென விற்கப்பட்டது. ஆங்கிலமே ஆயினும் ஒழுங்கில்லாவிடத்து இடறும் என்பதற்கு இது சான்று. தமிழிலோ அடைமொழி ஒன்றே போதும்: எரி, பேரெரி, ஊழியெரி, மின், பெருமின், ஊழிமின். கேட்ட அளவிலேயே படிநிலை விளங்கவில்லையா?

போர்ச்செயல்களுக்கு ஒழுங்குறப் பெயரிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மேற்செல்லல் வஞ்சி, எயில் காத்தல் நொச்சி, வளைத்தல் உழிஞை, எதிர்நின்று பொருதல் தும்பை, வெல்லல் வாகை எனப் புறப்பொருள் வெண்பாமாலை வகுத்தது. செயலுக்கொரு பூ, பூவே பெயர். எந்நாட்டு ஆட்டத்தில் இத்தகைய அழகிய திறன்பட்டியல் உண்டு? ஆயினும் அங்கும் ஒரு முள் உளது. தொல்காப்பியர் காஞ்சி என்றது நிலையாமையை. வெண்பாமாலையார் காஞ்சி என்றது, மேல்வந்த பகையை எதிரூன்றித் தடுத்தலை. ஒரு பெயர் இருபொருளுக்குப் பெயர்ந்ததன் விளைவைப் புறத்திணை கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிவர். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு அதனை விளக்குதற்கே போய்விடும்.

இனி இன்றைய நிலை. பேசின் பாலத்தருகே 1996-இல் எழுந்த வளிச்சுழலி மின்நிலையத்தின் நிறுவுதிறன் 120 மெகாவாட்டு. ஈண்டுத் திறன் என்பது ‘பவர்’. தமிழ்நாட்டு இயற்பியற் பாடநூலும் அவ்வாறே கற்பிக்கின்றது. அதே அரசின் திறன் மேம்பாட்டுக் கழகத்திலோ திறன் என்பது ‘ஸ்கில்’. பள்ளியில் ஒன்றும் பணியிடத்தில் மற்றொன்றும் கற்ற இளைஞன், திரையாட்டத்தில் ‘திறன் 40’ என்று கண்டால் எதனைக் கொள்வான்? ஈழத்தார் இயற்பியலில் இதற்கு ‘வலு’ என்னும் சொல்லை ஆள்கின்றனர். திறம் ஸ்கில்லுக்கு, திறன் பவருக்கு எனப் பிரிக்கலாமே என்பார்க்கு, மகர ஈற்றுக்கு னகரம் போலியாய் வருமென்பதை நினைவூட்டுக. நலம் நலனாவதுபோல் திறமும் திறனாகும். போலியை வேலியாக்கலாகாது. ஆகலின் வலுவை யாழ்ப்பாணத்தினின்று ஏற்றுக்கொண்டு, திறனைக் கைத்தொழிலுக்கே விட்டுவிடுதல் முறை.

வேகம் என்னும் சொல்லின் கூத்து இதனினும் பெரிது. திசை கருதாத விரைவினைச் சென்னை மாணவன் வேகம் என்கின்றான். திசையொடு கூடியதைத் திசைவேகம் என்கின்றான். யாழ்ப்பாண மாணவனுக்கோ பின்னதே வேகம், முன்னது கதி. இருவரும் ஒரே ஆட்டத்தில் எதிரெதிர் நின்றால் அவர்தம் சொற்கள் ஒன்றையொன்று தாண்டிப் போகும். ‘விரைவு’ என்னும் தமிழ்ச்சொல் கையிலிருக்க இவ்வழக்கெதற்கு?

நம்மவர் குற்றமும் சிறிதன்று. ஒருவர் ஆக்கிய சொல் நல்லதாயினும், தாம் ஆக்காத ஒரே கரணியத்தால் அதனைத் தள்ளி வேறொன்று படைக்கும் செருக்கு தமிழன்பர் பலரிடத்தும் உண்டு. கணிப்பொறி, கணினி, கணனி என்று ஒரு பொறிக்கே எத்தனை பெயர் இட்டாயிற்று! ஆங்கிலவெறியர் ஆயிரம்பேர் செய்யாத கேட்டை இச்செருக்கு செய்கின்றது.

1974-இல் மொழிஞாயிறு பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு தொடங்கிய அகரமுதலித் திட்டம் இன்று இயக்ககமாய் இயங்குகின்றது. சொற்குவை என்னும் தொகுப்பும் அதன் கையில் உளது. திரையாட்டச் சொற்களுக்கென ஒரு தனிப்பட்டியலை அது வெளியிடல் வேண்டும். ஒரு கருத்துக்கு ஒரு சொல்லே அதில் இருத்தல் வேண்டும். ‘அல்லது’ என்னும் சொல் அப்பட்டியலில் ஓரிடத்தும் வரலாகாது. ஈழத்தார், மலேசியத் தமிழர், சிங்கைத் தமிழர் மூவரையும் முன்னிருத்தியே அது முடிவாகல் வேண்டும். தமிழாக்கப் புகுவோர் கதையின் முதல் வரியைத் தொடுமுன் அப்பட்டியலைக் கைக்கொள்ளட்டும். அதில் இல்லாத திறனுக்குத் தாம் பெயரிட நேரின், அப்பெயரை இறுதித்திரை வரை மாற்றாதிருக்கட்டும். சொல் சற்றே கரடாயினும் குற்றமில்லை. ‘பிரேக்கு’ என்பது என்ன இனிமையுடையதா?