காடு என்னும் சொல்லின் எல்லை

சூரினாமின் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காடு. பின்லாந்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு. எகிப்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி இந்தியாவில் 21.76 விழுக்காடு. இவற்றை ஒப்பிடுமுன் எழ வேண்டிய வினா ஒன்றுண்டு: எல்லாரும் எண்ணியது ஒன்றைத்தானா?

ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு, வேளாண்மைக்கும் நகரப் பயன்பாட்டுக்கும் உரிய நிலத்தைக் காட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இந்தியக் கணக்கோ ஒரு ஹெக்டேர் பரப்பும் பத்து விழுக்காடு மரக்கவிகையும் இருந்தாலே போதும் என்கிறது. நிலத்தின் பயன்பாட்டையும் உடைமையையும் அது கருதுவதில்லை. ஆகவே குடகின் நிழல்மரம் செறிந்த காப்பித் தோட்டம் காட்டுப் பரப்பாகிறது. பெங்களூரைச் சூழ்ந்த சிற்றூர்களின் பொதுச்சொத்தான குண்டு தோப்பு, ஒரு ஹெக்டேருக்குக் குறைந்தால் அப்பரப்பில் இடம்பெறுவதில்லை.

சட்டத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. 1996 டிசம்பர் 12 அன்று கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்பதை அகராதிப் பொருளிலேயே கொள்ள வேண்டும் என்றது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்வெல்லையைச் சுருக்கியது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் இடைக்கால ஆணையால் பழைய பொருளையே தொடரச் செய்தது.

அகராதிப் பொருளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. கொங்கு வட்டாரத்தில் காடு என்பது மானாவாரி விளைநிலத்தையும் குறிக்கும். எனினும் பொருள் சுருங்கினால் அழிவது மரங்களே. விரிந்தால் மிகுவது ஆய்வுப் பணி மட்டுமே. எனவே சட்டத்தில் விரிந்த பொருளே நிலைக்க வேண்டும். கணக்கிலோ இயற்கைக் காடும் தோட்டமும் ஊர்த்தோப்பும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும். வரையறையைச் சுட்டாத விழுக்காடு ஆய்வுக்குரிய சான்றாகாது.