கூரைக்கு மேலா, கீழா?

கான்கிரீட் கூரையின் மீது வைக்கோல் கலந்த மண்ணைச் சுமார் 10 சென்டிமீட்டர் கனத்திற்குப் பரப்பிச் செங்கல் ஓடு பதிப்பது வட இந்திய வழக்கம். பாரம் மிகுதி என்பது மெய்யே. எனினும் அதனைப் பழமையென ஒதுக்கி, அடியில் பொய்க்கூரை அமைப்பதையே நாடுவது தகாது. பொய்க்கூரை அறையைச் சிறிது காக்கும், கான்கிரீட்டைக் காக்காது. பகலெல்லாம் காய்ந்த தளம் இரவில் அவ்வெப்பத்தைக் கீழே உமிழ, மேல்மாடியில் உறங்கும் குழந்தைகளும் முதியோருமே துன்புறுகின்றனர்.

மத்திய மின்சக்தி அமைச்சகம் 2018இல் வெளியிட்ட ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரைவழி வெப்பத்திற்கு வரம்பு வகுத்தது. அது புதிய கட்டிடங்களுக்கே உரியது. பழைய வீட்டார்க்குக் களப்பணியாளரும் ஆசிரியரும் கூறும் யோசனையே துணை.

காப்புப்பொருள் மேலே அமைதல் வேண்டும். அதன் நுண்துளைகளில் அடைபட்ட காற்றே வெப்பத்தைத் தடுப்பதாகும்; நீர் புகுந்தால் பயன் கெடும். ஆதலின் வாட்டமும் நீர்க்கசிவுத் தடுப்பும் முதற்கண் கவனிக்கத்தக்கவை. பொருள் வசதியற்றோர்க்கு வெண்சுண்ணாம்புப் பூச்சு உண்டு. புழுதி படிந்தால் வெண்மை குன்றுமாதலால், ஒவ்வொரு கோடைக்கு முன்னரும் அதனைப் புதுப்பித்தல் வேண்டும்.