கொடை யாருக்கு மூலதனம்?

அறிவை விற்பது இழிவு, வாரி வழங்குவதே அறம் என்னும் கருத்து நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றியது. கொடுக்கக் கொடுக்கக் குறையாத செல்வம் கல்வியே என்று வகுப்பறையில் நாமே கற்பித்து வருகின்றோம். இக்கருத்தோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் அவ்வறத்தையே வாயிலில் எழுதி வைத்துவிட்டு உள்ளே கல்லாப்பெட்டியை நிரப்பும் வணிக இணையத்தளங்களைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமா? "மனமுவந்து கொடுத்தபின் கணக்குக் கேட்பது பண்பன்று" என வாதிடும் நண்பர்களை நோக்கியே இதனை எழுதுகின்றோம்.

ஸ்டாக் ஓவர்புளோ என்னும் தளத்தை எடுத்துக்கொள்வோம். கணினி நிரல் எழுதுவோர் தம் ஐயங்களைக் கேட்கவும், துறை தேர்ந்தோர் விடையளிக்கவும் 2008 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது அது. விடையளித்தோர் பெற்ற ஊதியம் யாது? மதிப்புப் புள்ளிகளும் பதக்கங்களுமே. அப்புள்ளிகளைக் கொண்டு ஓர் இறாத்தல் பாண்கூட வாங்க இயலாது. ஆயினும் உலகெங்குமுள்ள நிரலாளர் இலட்சக்கணக்கான விடைகளை எழுதிக் குவித்தனர். 2021 இல் புரோசஸ் என்னும் நிறுவனம் அத்தளத்தை 180 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. விலைபோனது எது? கட்டடமா, இயந்திரமா? பல்லாயிரவரின் உழைப்பும், அவ்வுழைப்பை நாடி வந்த கூட்டமுமே விலைபோயின. விடை எழுதியவர் என்ற முறையில் எவருக்கும் அவ்விலையில் ஒரு சதமேனும் பங்கில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. 2024 மே மாதத்தில் அத்தளம் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன் ஏஐயுடன் ஒப்பந்தம் செய்தது. அதனை எதிர்த்துச் சிலர் தம் விடைகளைத் தாமே அழிக்க முற்பட்டனர். அழித்தவை மீட்கப்பட்டன, அழித்தோரின் கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. எவரும் பயன்படுத்தலாம் என்ற திறந்த உரிமத்தை ஏற்றே அவர்கள் எழுதினர் என்பது மெய். சட்டம் நிறுவனத்தின் பக்கமே நிற்கலாம். ஆனால் எழுதியவரின் பெயரைச் சுட்ட வேண்டும் என்பதும் அவ்வுரிமத்தின் நிபந்தனையே. எண்ணிறந்த விடைகளைச் செரித்து இயந்திரம் உரைக்கும் மறுமொழியில் ஒவ்வொருவர் பெயரும் நிற்குமா?

"விடை சொன்னோரும் பிறர் விடைகளால் பயன்பெற்றனரே" என்பர் சிலர். உண்மை. ஆயின் அது உழைப்போர் தமக்குள் செய்துகொண்ட பரிமாற்றம். சந்தைக் குத்தகைக்காரன் இடத்துக்கு வரி வாங்கலாம். கடகத்திலுள்ள கத்தரிக்காயும் தனதே என்று சொல்வானாயின் எந்தக் கமக்காரன் பொறுப்பான்?

ஹஃபிங்டன் போஸ்ட் என்னும் செய்தித்தளத்துக்கு ஊதியமின்றி எழுதியோர் பலர். 2011 இல் ஏஓஎல் நிறுவனம் அதனை 31.5 கோடி டொலருக்கு வாங்கியது. தொழிற்சங்கவாதியான ஜொனதன் தாசினி முதலியோர் அதில் பங்கு கேட்டு வழக்குத் தொடுத்தனர். ஊதியமில்லை என்று அறிந்தே எழுதினர் எனக் கூறி 2012 இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. விற்றபின் கேட்பவனுக்கு நீதிமன்றம் தரும் விடை இதுவே.

விற்கும் முன், ஒன்றுபட்டுக் கேட்டால்? 2023 ஜூனில் ஸ்டாக் ஓவர்புளோ தன் தரவுத்தொகுதியைப் பொதுமக்களுக்கு வெளியிடுவதை நிறுத்தியது. எதிர்ப்பு வலுக்கவே மீண்டும் வெளியிட்டது. அதே மாதம் ஊதியமின்றித் தளத்தை மேற்பார்வை செய்துவந்தோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஓகஸ்டில் நிறுவனம் அவர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தனிமனிதன் தன் விடையை அழித்தபோது தண்டனை கிடைத்தது. பலர் கூடிக் கைகளைக் கட்டியபோது பேச்சுவார்த்தை கிடைத்தது. இவ்வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கொடுப்பதை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. விக்கிப்பீடியாவை நடத்துவது இலாப நோக்கற்ற அமைப்பு; அங்கிருந்தும் பெருநிறுவனங்கள் அள்ளிச் செல்கின்றன, எனினும் தளத்தை விற்றுப் பணமாக்கும் முதலாளி அங்கில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எவரும் இலவசமாகப் படிக்கத் தருகின்றது. கொடைக்கு உகந்த களங்கள் இத்தகையவை.

இன்று நம் ஆசிரியர்கள் பாடக்குறிப்புகளையும் மாதிரி வினாத்தாள்களையும் யூடியூபிலும் முகநூலிலும் நாள்தோறும் ஏற்றுகின்றனர். மாணவர் பயனடைவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மூலப்பிரதி நம் கையில் இருக்கட்டும். பொதுக்களம் ஒன்றிலும் அது கிடைக்கட்டும். வணிகத்தளம் நாளை கதவடைத்தாலும் மாணவன் வெறுங்கையுடன் நிற்காதிருக்கட்டும். இதனை ஒருவராகச் செய்வது கடினம். ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காக மட்டும் கூடாமல் இதற்காகவும் கூடுதல் வேண்டும். கொடை நம்முடையதாயின், அது சேரும் களஞ்சியத்தின் சாவியும் நம்மிடமே இருத்தல் வேண்டும்.