நெல்லின் மேல் போட்ட கோடு

வீதிகளுக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஐயா அவர்களுக்கு,

கட்டைபறிச்சானிலிருந்து எழுதுகிறேன். இதற்கு முன்னும் எழுதியிருக்கிறேன். உங்கள் கந்தோரில் கொண்டுவந்து கொடுத்தேன். நடமாடும் சேவை வந்தபோது மேசையில் வைத்தேன். ஊர்ச்சனம் கையெழுத்து வைத்த மகஜரையும் தந்தேன். கடைசியில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது ஒரு வரி: "தங்களது கடிதம் உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது." யாருக்கு அனுப்பினார்கள் என்று அதில் இல்லை. ஆகவே இம்முறை நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

உங்கள் பெயரையும் கந்தோரின் பெயரையும் நான் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் "அது எங்கள் வீதியல்ல" என்று பதில் வரும். அவர்கள் கைகாட்டும் இடத்துக்குப் போனால் அங்கிருந்து இன்னொரு இடத்தைக் காட்டுவார்கள். வேலையைச் செய்வித்தவருக்கு இது தன் வேலை என்று தெரியும், அது போதும்.

விடயம் கோடு. வீதியில் போடுகிற வெள்ளைக் கோடு. சனம் பசளைக்கும் பால்மாவுக்கும் அலைந்த காலத்தைப் பார்த்த ஊரில் இவனுக்குக் கோடா பெரிது என்று உங்கள் கந்தோரில் ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் வீதி விளக்கு எரியும் என்று நினைக்கிறேன்.

மூதூரிலிருந்து சம்பூர் போகிற வழியில், எங்கள் பாலத்தின் மேலும் அதற்கு இரண்டு பக்கமும், போன சிறுபோக அறுவடை முடிந்த கையோடு கோடு போட்டார்கள். பின்னேரம் லொறி வந்தது. கொதிகலன் வந்தது, தள்ளுகிற மெஷின் வந்தது. நான் வேலியோரம் நின்று பார்த்தேன். பார்ப்பதற்குக் காரணம் இருந்தது. கட்டாரில் நான் செய்த வேலை இதுதான். தேர்மோபிளாஸ்டிக் என்ற சொல்லை என் வாயில் கேட்டதும் உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் முகம் மாறியது இன்னும் நினைவில் இருக்கிறது.

தேர்மோபிளாஸ்டிக் என்பது கோடு போடுகிற சாமான்; மூட்டையில் தூளாக வரும். பிசின், வெள்ளை நிறத்தூள், சுண்ணாம்புக்கல் மா, பொடிக் கண்ணாடி மணி எல்லாம் அதற்குள்ளேயே கலந்திருக்கும். 180 பாகைக்கும் 200 பாகைக்கும் இடையில் உருக்க வேண்டும். சூடு கூடினால் வெள்ளை கருகி மஞ்சளடிக்கும், குறைந்தால் தாரில் பிடிக்காது. இதெல்லாம் நீங்கள் படித்தது, நான் கையால் செய்தது. டோகாவில் எங்களுக்குப் போர்மனாக இருந்த மலையாளி, பனி விழுகிற காலைகளில் முதலில் ஒரு பொலித்தீன் துண்டை வீதியில் ஒட்டிவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போவார். கால் மணி நேரம் கழித்து வந்து அதை உரித்துப் பார்ப்பார். உள்பக்கம் வியர்த்திருந்தால் கோடு போட விடமாட்டார். வீதியைக் கூட்டி, காற்றடித்து, மணல் ஒன்றும் இல்லை என்று கையால் தடவிப் பார்த்த பிறகுதான் மெஷின் நகரும்.

இங்கே மெஷின் நகர்ந்த விதத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் காபட் போட்ட வீதி நெல் காயப்போடுகிற களமும்தான். அது சரியா பிழையா என்பது வேறு வழக்கு, அதற்கும் நாங்கள் ஏச்சு வாங்கியிருக்கிறோம். அன்றைக்கு நெல்லை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் பதரும் தூசும் சிந்தின மணியும் வீதியோரத்தில் அப்படியே கிடந்தன. ஒரு விளக்குமாறு போதும் அதற்கு. லொறியில் விளக்குமாறு இல்லை. கோடு நெல்லின் மேலேயே போனது. பாலத்தின் மேல் தட்டு கொங்கிறீற்று; பழைய கொங்கிறீற்றில் பிரைமர் பூசாமல் இந்தச் சாமானை ஊற்றினால் பிடிக்காது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பிரைமர் ரின் ஒன்றையும் நான் காணவில்லை. கண்ணாடி மணி தூவுகிற பெட்டி மெஷினில் இருந்தது. அதன் வாய் மூடியே இருந்தது. கேட்டேன். "மணி முடிஞ்சுது அண்ணன்" என்றான் தள்ளிய பொடியன். அவனில் பிழையில்லை, அவனுக்கு நாட்கூலி. மேற்பார்வைக்கு வந்தவர் வாகனத்துக்குள் ஏ.சி. போட்டுக்கொண்டு இருந்தார்.

கார்த்திகை மழை வந்தது. முதல் கிழமையிலேயே பாலத்தின் மேல் இருந்த கோடு பாளம் பாளமாகக் கிளம்பியது. அதில் ஒரு துண்டை எடுத்து வைத்திருக்கிறேன். என் உள்ளங்கை அகலம் இருக்கும். மேல்பக்கம் வெள்ளை, ஒரு டயரின் அச்சும் இருக்கிறது. பாலத்துக்கு இப்பால், தார் வீதியில் கிளம்பிய இன்னொரு துண்டும் இருக்கிறது. அதைத் திருப்பினால் நெல். ஒன்று இரண்டல்ல. பதர், முழு மணி, ஒரு வைக்கோல் துரும்பு எல்லாம் உருகின பிசினில் பதிந்து அப்படியே இறுகிப்போய் இருக்கின்றன. தாரின் கறுப்பு அதில் ஒரு இடத்திலும் ஒட்டவில்லை, அதாவது அந்தக் கோடு வீதியை ஒரு நாளும் தொடவில்லை. மெக்கானிக் தம்பியிடம் வேணியர் வாங்கித் தடிப்பை அளந்தேன். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. நாங்கள் அங்கே போட்டது இரண்டரை, மூன்று. மெஷினை ஒரு தகரத் தகட்டின் மேலால் ஓட்டி, அந்தத் தகட்டை எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் போர்மன் கையெழுத்து வைப்பார். இங்கே யார் எதை அளந்து கையெழுத்து வைத்தார்?

மிச்சமிருந்த கோட்டைப் பற்றியும் கேளுங்கள். மழை விட்ட ஒரு இரவில், வீதி காய்ந்த பிறகு, ரோச் லைட்டை நெற்றியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோட்டின் வழியே பார்த்தேன். ஏன் நெற்றியோடு என்று உங்களுக்கு விளங்கும். கண்ணாடி மணி பாதி புதைந்தும் பாதி வெளியிலும் இருந்தால், வெளிச்சம் அதற்குள் போய் வளைந்து, பின்னால் இருக்கும் வெள்ளையில் பட்டு, வந்த வழியே திரும்பும். வெளிச்சம் பிடித்தவன் கண்ணுக்குத்தான் அது வரும். மோட்டார் சைக்கிளில் வருகிறவனுக்கு அவனுடைய லைட்டே கோட்டைக் காட்டிக் கொடுப்பது இப்படித்தான். எனக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. பகலில் வெள்ளையாக இருந்தது இரவில் தாரோடு தாராகக் கிடந்தது. பகலில் எங்களுக்குக் கோடு தேவையே இல்லை ஐயா. எங்கள் கண் நல்லாய்த்தான் இருக்கிறது.

இன்னும் ஒன்று. மணி தூவிய கோடுகூட அடைமழையில் மங்கும். தண்ணீர்ப் படலம் மணியை மூடிவிட்டால் வெளிச்சம் வழுக்கிக்கொண்டு முன்னால் போய்விடும். அதற்காகத்தான் மேடும் பள்ளமுமாக வரி வைத்த கோடு போடுகிறார்கள், வீதிக் குமிழ்கள் பதிக்கிறார்கள். பூனைக்கண் என்று சொல்கிற அந்தக் குமிழை இங்கிலாந்தில் பேர்சி ஷோ என்ற வீதி வேலைக்காரர் கண்டுபிடித்துப் பதிவு செய்தது 1934இல். ஐப்பசி தொடக்கம் தை வரைக்கும் மழையில் ஊறுகிற ஒரு மாவட்டத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. பரவாயில்லை, அதை நான் கேட்கவும் இல்லை. பெட்டியின் வாயைத் திறந்து மணியைத் தூவியிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஊரில் இறால் பிடிக்கிற ஒருவர், விடியப்புறம் சைக்கிளில் வலையும் பெட்டியும் கட்டிக்கொண்டு வந்தார். தூறல். எதிரே ஒரு டிப்பர், லைட்டைக் குறைக்காமல் வந்தது. கண் கூசிப்போனது. கண் கூசினால் மனுசன் இடப்பக்கம் வீதியோரக் கோட்டைப் பார்த்து ஒதுங்குவான், அந்தக் கோடு இருப்பதே அதற்குத்தான். அவர் ஒதுங்கினார். ஒதுங்கின இடத்தில் வீதி இல்லை. கண்டல் சேற்றுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. இறால் பருவம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் இருந்தார். பிள்ளைகள் மூன்று. டிப்பர் நிற்கவேயில்லை.

பொலிஸ் வந்து படம் கீறியது. வீதியின் அகலம், பாலத்தின் தூரம், விழுந்த இடம் எல்லாம் நாடா பிடித்து அளந்தார்கள். அப்போது அந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்து, "வீதியோரக் கோடு எதில் இருந்து எது வரைக்கும்?" என்று கேட்டார். நான் என்ன சொல்ல? உங்கள் கந்தோரின் கணக்கில் கோடு இருக்கிறது, காசு கொடுத்தாயிற்று. வீதியில் இல்லை. அவர் யோசித்துப் பார்த்து, விட்டு விட்டுப் புள்ளி வைத்தார்.

இந்த நாட்டில் வீதி விபத்தில் வருடத்துக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று நீங்களே வீதிப் பாதுகாப்பு வாரத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறீர்கள். ஹெல்மட் போடாதவனுக்குத் தண்டப்பணம் உண்டு, லைட் இல்லாத சைக்கிளுக்கும் ஏச்சு உண்டு. பதரின் மேல் கோடு போட்டவனுக்கு என்ன தண்டம் என்று மட்டும் எந்த ஒலிபெருக்கியும் சொல்லவில்லை.

சாமான் விலை கூட, அதனால்தான் மெல்லிசாகப் போடுகிறார்கள் என்று ஒருவர் எனக்கு விளக்கம் தந்தார். விலை கூடத்தான். அந்த வெள்ளை நிறத்துக்கு மூலம் டைட்டேனியம். அது எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதா? இதே மாவட்டத்தில், புல்மோட்டைக் கடற்கரையில், கறுப்பு மணலாகக் கிடக்கிறது. இல்மனைட் என்றும் ரூட்டைல் என்றும் பிரித்து, 1957இல் அதற்கென்று கூட்டுத்தாபனமும் வைத்துக் கப்பலேற்றி விற்கிறோம். மணலாய்ப் போகிறது, மூட்டையில் தூளாய் விலை ஏறித் திரும்பி வருகிறது. வந்ததையும் உருக்கி நெல்லின் மேல் ஊற்றுகிறோம். இதற்கு மேல் இந்த நாட்டின் பொருளாதாரத்தை விளக்க ஒரு பேராசிரியரும் தேவையில்லை.

இந்த வீதியில் போகிறவர்கள் யார் என்றும் எண்ணிப் பாருங்கள். 2006இல் சம்பூரை விட்டு ஓடிய சனம், எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கொட்டிலில் கிடந்து, 2015 தொடக்கம்தான் தங்கள் வளவைப் பார்த்தது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு மூதூருக்கு ரியூஷன் முடித்து இருட்டினபிறகு இந்தப் பாலத்தால்தான் வீட்டுக்குப் போகிறார்கள். சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள், 2016இல் அது போனது. பிறகு 120 மெகாவாட் சூரிய மின்நிலையம் என்று, 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இரண்டு நாட்டுத் தலைவர்கள் கொழும்பில் இருந்தபடியே திரையில் வேலையைத் தொடக்கி வைத்தார்கள். நல்லது, வரட்டும். அதற்கான இரும்பும் கல்லும் திரை வழியாக வராது. லொறியில்தான் வரும், வீதி வழியாகத்தான் வரும்.

"ஒருவருக்குக் காறை எலும்பு முறிந்ததற்கு இவ்வளவு எழுத்தா?" என்று நீங்கள் நினைக்கலாம். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீரில் போனபோது, இந்த மாவட்டத்தின் அதிகாரிகள் எல்லோரும் ஒரே நாளில் கரைக்கு வந்தார்கள். வாகனம் நிறுத்த இடமில்லை. அதற்கு முதல் நாள் அவர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துறையடி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்? நீங்கள் வருவதற்கு நாங்கள் எத்தனை பேரைத் தரவேண்டும் என்று ஒரு கணக்கு உங்கள் மேசையில் இருந்தால் அதையாவது அறிவித்துவிடுங்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், அழிக்கப்போவதில்லை.

எனக்கு வேண்டியது அளவுப் புத்தகத்தின் ஒரு பக்கம். அந்தப் பின்னேர வேலைக்கு எத்தனை மில்லிமீற்றர் தடிப்பு என்று எழுதி, எத்தனை கிலோ கண்ணாடி மணி என்று எழுதி, யார் கையெழுத்து வைத்து, எவ்வளவு காசு கொடுத்தீர்கள் என்கிற பக்கம். ஒப்பந்தகாரரின் பெயரைக் கறுப்பு மையால் மறைத்தாலும் எனக்குச் சம்மதம். தடிப்பை மறைக்காதீர்கள்.

அடுத்த மாரிக்கு முதல் திரும்பப் போடுவதாக இருந்தால் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லியனுப்புங்கள். அன்றைக்கு அந்தப் பக்கம் ஒருவரும் நெல் காயப்போட மாட்டார்கள், ஊரில் பேசி வைத்திருக்கிறேன். வீதியைப் பொடியன்கள் கூட்டித் தருவார்கள். பொலித்தீன் துண்டும் தகரத் தகடும் நான் கொண்டு வருவேன். தகட்டை எடுத்து அளக்கும்போது உங்கள் மேற்பார்வையாளர் வாகனத்தை விட்டு இறங்கிப் பக்கத்தில் நிற்க வேண்டும். நெல் பதிந்த துண்டை அன்றைக்கு அவர் கையில் கொடுப்பேன். தபாலில் அனுப்பமாட்டேன், உரிய நடவடிக்கைக்காக எங்காவது போய்விடும்.

இப்படிக்கு,
கட்டைபறிச்சான் பாலத்தால் தினமும் போய்வரும் ஒருவன்