எந்த மாதத்துப் படிமம்?

ஓர் ஒன்றியத்தையோ ஒரு வருவாய் கிராமத்தையோ எடுத்துக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் படிமத்தில் குடியிருப்பு, வயல், நீர்நிலை, தரிசு என்று வண்ணம் பிரித்துக் காட்டும் கட்டுரைகள் இப்போது நம் இதழுக்கு நிறைய வருகின்றன. உழைப்பில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே ஊருக்குள் நடந்து பார்த்தால், பல இடங்களில் அது ஊரோடு ஒத்துப்போவதில்லை. இந்தக் குறை மென்பொருளில் இல்லை என்பது எங்கள் கருத்து.

அளவிலிருந்தே தொடங்குவோம். சென்டினல்-2 படிமத்தில் ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டரை சென்ட். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் ஒரு வீட்டுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சப் பரப்பு 25 சதுர மீட்டர். பிக்சலில் கால் பங்குதான் வீடு. மிச்சமெல்லாம் முருங்கை மரம், மாட்டுக் கொட்டகை, வெறும் மண். இவை அத்தனையும் கலந்து வரும் ஒற்றை எண்ணைத்தான் நாம் 'குடியிருப்பு' என்றோ 'புதர்' என்றோ தீர்மானிக்கிறோம். 5.8 மீட்டர் பிரிதிறன் கொண்ட நம் லிஸ்-4 படிமத்தில்கூட அந்த வீடு ஒரு பிக்சலை நிரப்பாது. லேண்ட்சாட்டின் ஒரு பிக்சலோ 22 சென்ட். 50 செ.மீ. படிமத்துக்கு வந்தால்தான் அதே வீடு நூறு பிக்சலாக விரிந்து சுவரும் மூலையும் தெரிகின்றன. பத்து மீட்டர் படிமத்தில் குடியிருப்பின் பரவலைக் காட்டலாம், வீடுகளை எண்ண முடியாது. இது தெரிந்தும் எண்ணிக்கை தரும் கட்டுரைகள் வருகின்றன.

வீடுகளை எண்ண விரும்புவோருக்குக் கூகுளின் 'ஓபன் பில்டிங்ஸ்' தொகுப்பு பெரிய வரம். 2023இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில் தெற்காசியாவும் சேர்ந்து 180 கோடி கட்டடங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பக மதிப்பும் உண்டு. அந்த மதிப்பைப் பார்க்காமலே எல்லாவற்றையும் வீடு என்று எண்ணிவிடுவதுதான் வருத்தம். பொதுச்சுவர் கொண்ட ஓட்டு வீட்டு வரிசை ஒரே கட்டடமாக ஒட்டிக்கொள்ளும். தனித்தனியாக நிற்கும் வீடு, அடுக்களை, கொட்டகை மூன்றும் மூன்று வீடாகும். காய்ந்த பனையோலைக் கூரைக்கும் பக்கத்து வைக்கோல் போருக்கும் மேலிருந்து பார்க்க அதிக வேறுபாடு இல்லை.

தென்னந்தோப்புக்குள் இருக்கும் குடிசைகளின் நிலை இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகள் சாய்ந்தன. புயலுக்கு முந்தைய படிமத்தில் மட்டைகளுக்கு அடியில் மறைந்திருக்கும் குடிசை, முன்–பின் படிமங்களை ஒப்பிடும் கணக்கில் இடிந்ததாகவும் வராது. நிவாரணம் யாருக்கு முதலில் போக வேண்டுமோ அந்தக் குடும்பம் இப்படித்தான் விடுபட்டுப்போகும்.

நிலத்துக்கு வருவோம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கண்மாய் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்திருந்தால் ஜனவரிப் படிமத்தில் அது நீர். பங்குனி, சித்திரையில் வெடித்த களிமண். வகைப்பாட்டில் 'வெற்று நிலம்'. உள்வாயில் சீமைக் கருவேலம் மண்டியிருந்தால் அதே கோடையில் பச்சைப் பசேலென்று தெரியும். தாவரக் குறியீட்டை மட்டும் நம்பும் நிரல் அதைக் காடு என்றோ தோப்பு என்றோ எழுதும். மூன்று விடையும் அந்தந்த நாளுக்குச் சரி. ஆனால் ஊராருக்கு அது ஆண்டு முழுவதும் கண்மாய்தான். நீர் வற்றியபின் ஆடு மாடு மேய்வதும் அங்கேதான். 'வெற்று நிலம்' என்று அச்சாகிவிட்ட கண்மாயை ஆக்கிரமிக்க நினைப்பவருக்கு நம் வரைபடமே சாட்சியாகிவிடக்கூடும்.

தரிசு என்ற வகையில்தான் எங்களுக்குக் கவலை அதிகம். மத்திய நிலவளத் துறையும் தேசிய தொலையுணர்வு மையமும் 2000 முதல் தரிசு நில வரைபடத் தொகுப்புகளை வெளியிட்டு வருகின்றன; கடைசியாக 2019இல் வந்தது. காட்டாமணக்கு நடுவதற்கும் சூரிய மின் பூங்கா அமைப்பதற்கும் இடம் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது தரிசு என்று குறித்த இடங்களைத்தான். அங்கே மேய்க்கால் புறம்போக்கு இருக்கும். மழை பொய்த்ததால் இரண்டு ஆண்டு உழாமல் விட்ட புஞ்சை இருக்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் கருவேலங்காடு இருக்கும். கூரிய படிமம் வந்தால் இந்தக் குழப்பம் தீரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நிலத்தின் மேல் என்ன இருக்கிறது என்பது படிமத்தில் தெரியும். அதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதை ஊரில்தான் கேட்க வேண்டும்.

ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற எண் இதையெல்லாம் மறைத்துவிடுகிறது. குடியிருப்பு மூன்று விழுக்காடே உள்ள கிராமத்தில், மற்றதைச் சரியாகப் பிரித்துவிட்டு ஒரு வீட்டைக்கூடக் கண்டுபிடிக்காத வரைபடத்துக்கும் 97 விழுக்காடு துல்லியம் கிடைக்கும். வகைவாரியான பிழை அட்டவணையும், பிழையைக் கழித்துத் திருத்திய பரப்பும், அதன் நம்பக இடைவெளியும் தேவை என்று ஓலோஃப்சனும் உடன் ஆய்வாளர்களும் 2014இலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் அதன்படி செய்வதில்லை.

ஆகவே அடுத்த இதழுக்கான கட்டுரைகளில் சிலவற்றைக் கட்டாயமாக எதிர்பார்க்கிறோம். படிமம் எடுத்த தேதி வரைபடத்தின் குறிவிளக்கத்திலேயே இருக்க வேண்டும். நிலப் பயன்பாடு பற்றிய கட்டுரையானால் ஒரு பசலி ஆண்டு முழுவதற்குமான, ஜூலை முதல் ஜூன் வரையிலான படிமங்களைப் பாருங்கள். கிராம அடங்கலோடு ஒப்பிடவும் அதுவே வசதி. 2005-06ஆம் ஆண்டுக்கான தேசிய நிலப் பயன்பாட்டு வரைபடமே மூன்று பருவத்து லிஸ்-3 படிமங்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. இன்று சென்டினல் கையில் இருக்கும்போது ஒற்றை நாள் படிமத்துக்கு நியாயம் கிடையாது. சம்பாப் பருவத்தில் மேகம் மறைக்கிறது என்பவர்களுக்குச் சென்டினல்-1 ரேடார் இருக்கிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைக் கொண்டுதான் நெற்பரப்பைக் கணித்துக் காட்டியது.

கள ஆய்வு செய்ய மாணவர்களிடம் பணம் இருப்பதில்லை என்பது உண்மை. படிமம் இலவசமாகிவிட்டதால் திட்டச் செலவில் பயணத்துக்கு ஒதுக்குவதையே நிறுத்திவிட்ட வழிகாட்டிகள் இதை யோசிக்க வேண்டும். திரையில் பார்த்துக் குறித்த ஐயாயிரம் புள்ளிகளைவிட, முறையாகத் தேர்ந்தெடுத்து நேரில் போய்ப் பார்த்த இருநூறு புள்ளிகளுக்கு எங்கள் மதிப்பாய்வாளர்கள் கூடுதல் மதிப்பளிப்பார்கள். போகும்போது புலப்படமும் 'அ' பதிவேட்டின் நகலும் எடுத்துச் செல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரோடு நிறுத்திக்கொள்ளாமல் கண்மாயிலிருந்து நீர்பாய்ச்சுபவரையும் ஆடு மேய்ப்பவர்களையும் கேளுங்கள். அவர்கள் சொன்னதும் உங்கள் வகைப்பாடும் எங்கெங்கே முரண்படுகின்றன என்பதைத் தனி அட்டவணையாகக் கொடுத்தால் அதை முழுமையாக வெளியிடுவோம்.